ரத்தம் பிறந்த வாரம்

என் தங்கமே, வளர்மதி,

இன்னும் நான்கு நாளில் நீ போய் ஒரு வருஷம். அண்ணன் உனக்குப் போஸ்டர் அடித்திருக்கிறார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறது. பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த உன் போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் மேகமும் புறாவும் வைத்திருக்கிறார்கள். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று ஒரு வரி, உன் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே 'மறக்க முடியாமல் தவிக்கும் பாச அண்ணன்' என்று அவர் பெயர், உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

கீழ்புத்துப்பட்டு பஸ்ஸிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். எதிரே நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா போஸ்டரைப் படித்துவிட்டு, "பாவம், தங்கச்சின்னா உசிரு போல இருக்குது அவனுக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் பேப்பரை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் உனக்குத்தான். அந்த அம்மாவும் படித்தால் படிக்கட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? உன் காலில் வந்த புள்ளிகளிலிருந்தா?

போன வருஷம் ஆடி மாதம். உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் வேலை முடிந்து வந்து காலைக் கழுவும்போது, முழங்காலுக்குக் கீழே சிவப்பாகப் பொடிப் பொடியாகப் புள்ளி. அம்மா பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணி அரிச்சிருக்குது" என்று தேங்காய் எண்ணெய் தடவினாள். இருபத்தைந்து வருஷம் உப்பளத்தில் நின்ற காலல்லவா அம்மாவுடையது, அவளுக்கு எல்லாமே உப்பின் வேலைதான். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததை நீ சொல்லவில்லை. மாதவிடாய் பதினைந்து நாள் நிற்காமல் போனதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஷெட்டில் சீல் போடும் மெஷின் முன்னால் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த டாக்டரம்மா நம்மிடம் மறைக்காமல் சொன்னார். அப்லாஸ்டிக் அனீமியா. எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் காலியாகிவிட்டது. ஏன் என்று கேட்டாள் அம்மா. நிறையப் பேருக்கு ஏன் என்றே தெரிவதில்லை என்றார். கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது பொருந்தினால் அவர்களுடைய மஜ்ஜையை எடுத்து உனக்கு ஏற்றலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். செலவுக்கும் ஒரு டிரஸ்டில் அவரே பேசி ஏற்பாடு செய்தார். நமக்கு அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை, வளரு. அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணனும் நானும். நான் அன்றைக்கே கையை நீட்டினேன். அண்ணன் வானூரிலிருந்து வருவதாகச் சொன்னார். உரக்கடையில் லோடு இறங்குகிறது, நாளைக்கு வர்றேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை.

ரிசல்ட் சொல்லக் கூப்பிட்ட காலை நினைவிருக்கிறதா? உனக்கு முதல் நாள்தான் ரத்தம் ஏற்றியிருந்தார்கள், முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா ஃபுல் மேட்ச்" என்றார். நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய். அதோடு விட்டாயா? வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது கேள்வி கேட்க ஆரம்பித்தாய். காலேஜுக்கு அனுப்பியிருந்தால் எத்தனை வாத்தியாரை இப்படிப் படுத்தியிருப்பாயோ.

"ரத்தம் எலும்புக்குள்ள ஊறுதுன்னு சொல்றீங்களே டாக்டர், அம்மா வயித்துல எலும்பு வர்றதுக்கு முன்னாடி ரத்தம் எங்க ஊறுச்சு?"

அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு ஒரு லேப் சீட்டைத் திருப்பிப் போட்டு, வளைந்த இறால் மாதிரி ஒன்றை வரைந்தார்.

"கரு உளுந்து அளவுதான் இருக்கும். உருவாகி நாலு அஞ்சு வாரம். அதுக்கு வெளிய ஒரு சின்னப் பை இருக்கும், முதல்ல அதுல கொஞ்சம் ரத்தம் ஊறும். அது அவசரத்துக்கு, நிலைக்காது. அப்புறம் இதோ, முதுகுப் பக்கமா ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுது பாரு. இதோட உள்சுவர்ல இருந்து சில செல்லுங்க முண்டிக்கிட்டு எழும்பும், கொத்துக் கொத்தா. அதுங்கதான் விதை. சுவரை விட்டு உதிர்ந்து, ஓட்டத்துல கலந்து, ஈரலுக்குப் போய்ப் பெருகும். எலும்பு தயாரானதும் அங்க குடி போயிடும். நீ சாகற வரைக்கும் உன் உடம்புல ஓடற ரத்தம் பூரா அந்தக் கொஞ்சம் செல்லோட வம்சம்தான்."

"அந்தச் சுவர் இப்பவும் அதைச் செய்யுமா?"

"செய்யாது. சில நாள்தான். அதுக்கப்புறம் அது வெறும் குழாய்."

"ஏன் டாக்டர்?"

"தெரியலம்மா. இன்னும் யாருக்கும் சரியா தெரியல. தெரிஞ்சிருந்தா உங்க அக்காகிட்டப் போய் நிக்கவே வேணாம். நாங்களே செஞ்சு உனக்குக் குடுத்துடுவோம்."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, மஜ்ஜை கொடுப்பவர்களிடம் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். மஞ்சள் காமாலை வந்ததா, ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா. கடைசியாக, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆகுது?" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். உன் ஆஸ்பத்திரி அலைச்சலில் எண்ண மறந்திருந்தேன். நாற்பத்தேழு நாள். கல்யாணமாகி நான்கு வருஷம், எத்தனை கோயில், எத்தனை மாத்திரை, மாமியாரின் எத்தனை பெருமூச்சு. அது வந்தது அந்த நாளில்தான். யூரின் டெஸ்டில் இரண்டு கோடு. டாக்டரம்மா வாழ்த்தவில்லை. காகிதத்தை மூடி வைத்தார். கர்ப்பமாக இருப்பவளை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து மஜ்ஜை எடுக்க மாட்டார்கள். பிரசவம் முடியட்டும் என்றார். அதுவரை ரத்தம் ஏற்றி உன்னைத் தாங்க முயற்சி பண்ணலாம், சிலருக்கு முடிந்திருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

நீ அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாய். என் வயிற்றைப் பார்த்தாய். சிரித்துக்கொண்டே, "அக்கா, இப்பதாண்டி உன் வயித்துல அந்த வேலை நடந்துனு இருக்குது" என்றாய்.

உனக்கு எப்படியடி சிரிக்க முடிந்தது? உனக்கு வேண்டியது என் எலும்பில் இருந்தது. அதை எடுக்க விடாமல் ஒரு உளுந்து உட்கார்ந்திருந்தது. உன் உடம்பில் அற்றுப்போன அதே விதை, அதே வாரத்தில் அதற்குள் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் டாக்டரம்மாவிடம் திரும்பிப் போனேன். கருவைக் கலைத்துவிட்டால் எத்தனை நாளில் எடுக்கலாம் என்று கேட்டேன். "சட்டத்துல இடம் இருக்குது. ஆனா அதைச் செய்யின்னு நான் சொல்ல மாட்டேன். முதல்ல உங்க அண்ணனைக் கூட்டிட்டு வா. அவருக்கும் பொருந்தலாம்" என்றார்.

வானூருக்கு மூன்று முறை போனேன், வளரு. முதல் முறை அண்ணி காப்பி கொடுத்தாள். அண்ணன், "இடுப்புல ஓட்டை போட்டு உறிஞ்சுவாங்களாமே, அப்புறம் மூட்டை தூக்க முடியாதுன்றாங்க" என்றார். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ரத்தம் கொடுத்தால் ஊறுகிற மாதிரி இதுவும் ஊறிவிடும், ஒரு வாரம் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான் என்றேன். முதலில் டெஸ்ட்டுக்குக் கை நீட்டினால் போதும் என்றேன். சரி என்றார். இரண்டாவது முறை கடையில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் செருப்பு கிடந்தது. மூன்றாவது முறை கடை வாசலிலேயே பிடித்தேன்.

"உனக்குத்தான் மேட்ச் ஆயிடுச்சு இல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

"நான் முழுகாம இருக்கேண்ணா."

"புள்ள இன்னொண்ணு பெத்துக்கலாம் கலை. தங்கச்சி வருவாளா?"

ஒரு ஊசி குத்தக் கையை நீட்டாத மனுஷன் இதைச் சொன்னார். செருப்பைக் கழற்றி அடிக்கத் தோன்றியது. ஏன் அடிக்கவில்லை தெரியுமா? நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே வார்த்தைகள்தான் எனக்குள் ஓடின. அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம் சொன்னேன். உப்பு லாரி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே, "உன் தங்கச்சி, உன் வயிறு. நான் இன்னா சொல்றது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் யாராவது ஒருவர் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்ல மாட்டார்களா என்று அப்போது நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானே முடிவு செய்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். எந்த டாக்டர், எதற்கு என்று நீ கேட்கவில்லை. ஆரஞ்சுச் சுளையை உரித்து என் வாயில் வைத்தாய். உனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். நான் எவ்வளவு முட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், டாக்டர் சொன்னதையும் மீறி வீட்டுக்குப் போகிறேன்' என்று கையெழுத்துப் போட்டு, ஐப்பசி மழையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ஓடி வந்தேன். வீட்டில் கூடை பின்னுகிற ஒயரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"எனக்கு ஆபரேஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே நீ அதைக் கலைச்சிட்டு வந்தாலும் நான் போய்ப் படுக்க மாட்டேன். வீணாத்தான் போவும்."

"யாரைக் கேட்டுடி எழுதிக் குடுத்தே?"

"நீ யாரைக் கேட்டுத் திங்கக்கிழமை போறேன்னே?"

அம்மாவிடம் நீ சொன்னதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்து தினமும் அக்கா முகத்தைப் பார்த்தால், இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவள் போய்விடுவாள் என்றாயாம். அதற்காகப் படுக்கையையே விட்டுவிட்டாய்.

வளரு, ஊரே உன்னைத் தியாகி என்கிறது. எனக்கு உன்மேல் கோபம். ஒரு வருஷமாகத் தணியாத கோபம். என்னிடம் 'காத்திருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரத்தம் ஏற்றிக்கொண்டு மே மாதம் வரை இருந்து பார்த்திருக்கலாமே. நீயும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு உரிமை இல்லையா? அந்த ஒரு வாய்ப்பை எனக்குக் கொடுக்காமல் நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அவ்வளவு நம்பிக்கை இல்லையா என்மேல்?

அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தானா என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு முதலில் பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி வந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். ஆனால் வந்தது. அந்த ஒரு மூச்சுக்காக நான் எத்தனை முறை என்னையே அறைந்துகொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு மழை விடவில்லை. உப்பளம் எல்லாம் ஏரியாகிவிட்டது, பாத்தி வரப்பே தெரியவில்லை. ரோட்டில் தண்ணீர் ஓடியதால் ரத்தம் ஏற்றப் போக வேண்டிய இரண்டு தடவை போக முடியவில்லை. மற்ற நாட்களில் நீ வர மறுத்தாய். மார்கழி ஆரம்பத்தில் ஒரு பகல், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றாயாம். வாந்தி எடுத்தாயாம். எக்கியார்குப்பத்து மீன் வேன் ஒன்றைப் பிடித்து அம்மா உன்னை ஏற்றினாள். நான் வாழ்க்கைப்பட்ட கீழ்புத்துப்பட்டு வழியாகத்தானே போக வேண்டும். நான் ஐந்து மாத வயிற்றோடு ரோட்டில் நின்று ஏறிக்கொண்டேன். உன் தலையை எடுத்து மடியில் வைத்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது, என் புடவையால் துடைக்கத் துடைக்க. குழந்தை உள்ளே உதைத்தது. உன் கன்னத்தில்தான் பட்டிருக்கும். உனக்குத் தெரிந்ததா? புதுச்சேரி எல்லையைத் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

அண்ணன் வந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். மொட்டை அடித்துக்கொண்டார். பாடையின் முன்பக்கம் அவர் தோள்தான். மூட்டை தூக்குகிற தோள்.

இப்போதைய சேதி சொல்கிறேன். பெண் குழந்தை. மே மாதம் புதுச்சேரியில் பிறந்தாள். எல்லோரும் உன் பெயரை வைக்கச் சொன்னார்கள், நீயே வந்து பிறந்திருக்கிறாய் என்றார்கள். நான் வைக்கவில்லை. நீ வரவில்லை. வந்தது வேறு ஒருத்தி. யாழினி என்று வைத்தேன். அம்மாவுக்கு வருத்தம். மழை நின்று அளம் திறந்தால் மறுபடி வேலைக்குப் போவாள். உன் மெஷினில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

தை மாதம் காது குத்தலாம் என்று பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். போன வாரம் அண்ணன் நாள் குறிக்க அம்மா வீட்டுக்கு வந்தார், குழந்தைக்குக் கம்மலும் பட்டுப் பாவாடையும் எடுத்துக்கொண்டு. அம்மா அவருக்கு மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணா, புதுச்சேரிக்கு ஒரு தடவை வர்றியா? அந்த டெஸ்ட்டை இப்போ எடுத்துக்கலாம். டாக்டர்கிட்ட வளரோட ரிப்போர்ட் இருக்குது. உனக்கு மேட்ச் ஆகுதான்னு பாத்துடலாம்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "செத்தவளுக்கு எதுக்குடி டெஸ்ட்டு?"

"எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போறே?"

"ஆகலன்னா உன்மேல தப்பு இல்லன்னு ஊருக்கே சொல்றேன். உன் மடியில என் பொண்ணை உக்கார வெக்கிறேன்."

அவர் எழுந்து வெளியே போய்க் கைகழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். நான் பின்னாலேயே போய் நின்றேன். திரும்பாமலே சொன்னார். "ஆவுதுன்னு வந்துட்டா நான் எப்படிடி இருப்பேன்?"

அந்தக் குரல் சின்ன வயதில் அப்பா செத்தபோது கேட்ட குரல். அப்போதும் அவர் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். எனக்கு ஒரு நொடி இரக்கம் வந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் வளரு, தெரியாமல் இருப்பது அவருக்கு ஒரு வீடு மாதிரி. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவர் போஸ்டர் அடிக்கலாம், மொட்டை போடலாம், அழலாம். நீயும் நானும் அந்த வீட்டுக்கு வெளியே நிற்கிறோம். கம்மலையும் பாவாடையையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். அம்மா என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது.

காது குத்துவதை உன் மாமா மடியில் வைத்தே முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஊர் பேசும், பேசட்டும்.

டாக்டரம்மாவைப் போன மாதம் பார்த்தேன். யாழினிக்குத் தடுப்பூசி போடப் போனபோது அவர் வார்டு வரை ஏறிப் போனேன். உன்னை மறக்கவில்லை. உன் கேள்வியை வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிறேன் என்றார். அந்தக் குழாய்ச் சுவர் அதை எப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் இல்லை என்றார். என்றைக்காவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு எந்த அக்காவும் விரல் விட்டு நாள் எண்ண வேண்டியிருக்காது. அதில் எனக்குச் சந்தோஷம் வருமா? தெரியவில்லை. இன்றைக்கு எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். யாழினி வளர்ந்தால் யாராவது அவளிடம் சொல்வார்கள், உனக்காகத்தான் உன் சித்தி செத்தாள் என்று. கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ, பாசமாகத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். சித்திக்கு ரத்தம் ஊறவில்லை. மாமன் கையை நீட்டவில்லை. அம்மா தடுமாறினாள். சித்தி யார் பேச்சையும் கேட்காத பிடிவாதக்காரி. இவை எல்லாம் பெரியவர்கள் செய்தது, அப்போது நீ உளுந்து அளவு இருந்தாய், உன்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்வேன். உன் சாவை அவள் தலையில் யாரும் தூக்கி வைக்க நான் விட மாட்டேன். நீயே வந்து வைத்தாலும் விட மாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்தவள்,
கலை அக்கா